ஓட்டுப் போடாதவர்களைத் திட்டும் முன்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மேற்கு மாம்பலம், தி.நகர் வட்டாரக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் கேட்டில் இரண்டு அட்டைகள் தொங்குகின்றன. ஒன்று 2024 ஏப்ரலில் சங்கம் மாட்டியது. 'ஓட்டுப் போடாதவருக்குக் குறை சொல்ல உரிமை இல்லை' என்று லேமினேட் செய்த தாளில் சிவப்பு எழுத்து. வெயில் பட்டுப் பட்டு அந்தச் சிவப்பு இப்போது ரோஸ் ஆகிவிட்டது. அதே கம்பியில் பக்கத்திலேயே இன்னொன்று: 'டூ-லெட். 2 பெட்ரூம். சிறு குடும்பம். சைவம் மட்டும். புரோக்கர் வேண்டாம்.' முதல் அட்டையை மாட்டியதிலிருந்து யாரும் தொடவில்லை. இரண்டாவது அட்டை பதினொரு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய், ஏதாவது ஒரு வீட்டுக்காக மறுபடி வெளியே வருகிறது. நம் தெருக்களில் ஓட்டு ஏன் குறைவாக விழுகிறது என்று நீங்கள் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் கூட்டம் போட்டுப் பேசுகிறீர்கள். அந்த இரண்டாவது அட்டையைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசுவதில்லை. அதனால் இந்த மடல்.

நான் 2007இல் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவன். பதினெட்டு வருடத்தில் நான்கு வீடு மாறியாயிற்று. நான்குமே துரைசாமி சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கம், மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம். வீடு மாறும்போதெல்லாம் கேஸ் மாறியது, பால் போடுகிறவர் மாறினார், பிள்ளையின் பள்ளி வேன் மாறியது. ஓட்டு மட்டும் மாற மறுத்தது.

2024 மக்களவைத் தேர்தல் நடந்த ஏப்ரல் 19 ராத்திரியை நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கு வந்த கணக்குப்படி தென்சென்னையில் 67 சதவீதத்துக்கு மேல் பதிவு. சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கைதட்டல், மை வைத்த விரல் படங்கள். மறுநாள் அது 54 சதவீதம் என்று இறங்கியது. முதல் நாள் சொன்னது செயலியில் சில சாவடிகளிலிருந்து மட்டும் வந்த எண்ணிக்கையை வைத்துப் போட்ட மதிப்பீடு என்று விளக்கம் வந்தது. மாநிலம் முழுவதும் 69.72 சதவீதம், தருமபுரியில் 81. வடசென்னைகூட 60ஐத் தொட்டிருந்தது. மத்திய சென்னையும் நாமும்தான் 54ஐ ஒட்டி வாலில் நின்றோம். கைதட்டிய அதே குரூப்பில் திட்டு ஆரம்பித்தது. 'படிச்சவங்களே இப்படி', 'ஐ.டி. பசங்க எல்லாம் ஏற்காடு போயாச்சு', 'வெள்ளிக்கிழமை லீவு விட்டா இதுதான்.' ஆதாரமாக ஒருவர் ஒரு படமும் போட்டார். 18ஆம் தேதி இரவு கிளாம்பாக்கம் பேருந்து முனையம், நிற்க இடமில்லாத கூட்டம். 'ஓட்டுப் போடச் சொன்னால் டூர் போகிறார்கள் பாருங்கள்' என்று கீழே ஒரு வரி.

அந்தக் கூட்டத்தில் என் மனைவியும் இருந்தார். ஓட்டுப் போடத்தான் போனார். அவர் பெயர் அவருடைய அம்மா வீட்டு ஊரில் இருந்தது, இங்கே இல்லை. இரவு முழுக்கக் கால் கடுக்க நின்று, கிடைத்த பேருந்தில் மதுரை வரை போய், அங்கிருந்து மாறி, மதியம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட வரிசையில் நின்றார். அவர் போட்ட ஓட்டு மாவட்டம் தாண்டி வேறெங்கோ கணக்கில் ஏறியது. நம் தெருவின் கணக்கில் அவர் ஓட்டுப் போடாதவராகக்கூட இல்லை, அப்படி ஒரு ஆளே இல்லை.

இதற்கு நேர்மாறான கதை நான் குடியிருந்த இரண்டாவது வீட்டில் நடந்தது. மாடியில் வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். இரண்டு பையன்களும் நியூ ஜெர்சியில். மாமா தவறி ஆறேழு வருடம் ஆகியிருந்தது. தேர்தலுக்கு நாலைந்து நாள் முன்னால் கட்சிக்காரப் பையன் பூத் சிலிப் கொண்டுவருவான். மாமிக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, பையன்களுக்கு இரண்டு, பெரிய மருமகளுக்கு ஒன்று. மாமி ஐந்தையும் வாங்கிச் சுவாமி அலமாரியில் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைப்பார். 'இங்க இல்லாதவங்க பேரை எடுக்கச் சொல்லிடலாமா மாமி?' என்று அந்தப் பையன் ஒருமுறை கேட்டான். 'இருந்துட்டுப் போகட்டுமேப்பா. பேராவது இந்த ஆத்துல இருக்கட்டும்' என்றார் மாமி. அதற்கு மேல் யாரால் என்ன பேச முடியும்?

கணக்கைப் பாருங்கள். மாடியில் ஐந்து பெயர், ஒரு ஆள். கீழே நான், மனைவி, அப்போது கூடத் தங்கியிருந்த என் தம்பி என்று மூன்று ஆள், பெயரே இல்லை. மாமி முழங்கால் வலியோடு ஆட்டோ பிடித்துப் போய்த் தவறாமல் ஓட்டுப் போட்டார். ஆனால் பட்டியலின்படி அந்த வீட்டின் வாக்குப்பதிவு 20 சதவீதம். இதை எத்தனை தெருவால் பெருக்குவீர்களோ பெருக்கிக்கொள்ளுங்கள்.

பெருக்கி வந்த விடை ஏறத்தாழ எவ்வளவு என்பது 2025 டிசம்பரில் தெரிந்துவிட்டது. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடுவீடான கணக்கெடுப்பு முடிந்து டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 40.04 லட்சம் பெயர்கள் 25.79 லட்சமாகக் குறைந்தன. போன 14.25 லட்சத்தில் இறந்தவர்கள் 1.56 லட்சம். இடம் மாறியவர்கள் என்று குறித்தது 12 லட்சத்துக்கும் மேல். நூறு பெயருக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு பெயர் காலி.

ஒரு பேச்சுக்கு, பழைய பட்டியலில் நூறு பேர் இருந்த இடத்தில் உண்மையில் 64 பேர்தான் இருந்தார்கள், 54 பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் பதிவு 84 சதவீதம். தருமபுரியைத் தாண்டிவிடுவோம்! இதை அப்படியே நம்பிக் குரூப்பில் போட்டுவிட வேண்டாம். 2024இல் இங்கே ஓட்டுப் போட்டுவிட்டு அப்புறம் வீடு மாறியவர்கள் அந்த 12 லட்சத்தில் இருப்பார்கள். இங்கேயே இருந்தும் படிவம் கைக்கு வராததால் பெயர் போனவர்களும் இருப்பார்கள். இப்படிக் கழித்துப் பார்த்தாலும் ஒன்று மிச்சம் நிற்கிறது. 'மாம்பலத்துச் சோம்பேறி வாக்காளர்' என்று நீங்கள் வருடக்கணக்காகத் திட்டிய ஆளில் ஒரு பகுதி நியூ ஜெர்சியில் இருக்கிறார், ஒரு பகுதி கண்ணம்மாபேட்டையில் சாம்பலாகிவிட்டார், ஒரு பகுதி குரோம்பேட்டையில் வேறு ஒரு டூ-லெட் அட்டைக்குப் பின்னால் குடியிருக்கிறார்.

செத்தவர் பெயரை நீக்குவது சுலபம். உயிரோடு இருக்கிற வாடகைக்காரரைச் சேர்ப்பதுதான் பாடு. அதில் உங்களுக்கு இருக்கும் பங்கைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுச் சாவி வாங்குகிற நேரம். உரிமையாளர் நல்ல மனிதர்தான், வாடகையில் ஐந்நூறு ரூபாய் கேட்காமலே குறைத்தவர். மாடிப்படியில் இறங்கும்போது தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்: 'சார், ஒண்ணே ஒண்ணு. இந்த அட்ரஸ்ல ரேஷன் கார்டு, ஓட்டர் ஐ.டி. மட்டும் போட்டுடாதீங்க. பின்னாடி சிக்கலாயிடும்.' என்ன சிக்கல் என்று நான் கேட்கவில்லை. சாவி அவர் கையில் இருந்தது.

இந்த வாக்கியத்தை நம் பகுதியில் வாடகைக்கு வந்த எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சொன்ன எவரும் கெட்டவர் இல்லை. குடியிருப்பவரைக் காலி செய்ய வைப்பதற்குள் தலைமுறையே மாறிவிடும் என்ற 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்ட காலத்துப் பயம் அது. அந்தச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பயம் மட்டும் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் ஒருவருக்கு அந்த வீட்டின் மேல் எந்த உரிமையும் வந்துவிடாது. சொல்லப்போனால் சட்டம் எதிர்ப்பக்கம் நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20ஆம் பிரிவு, ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரை அங்கே வழக்கமாக வசிப்பவராகக் கருதக்கூடாது என்கிறது. ஓட்டு குடியிருப்பவருக்கு. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது அங்கே எடுபடாது.

காகிதத்தில் இப்படி. நடப்பில் எப்படி என்றால், பட்டியலில் பெயர் சேர்க்கிற படிவம் 6க்கு முகவரிச் சான்று வேண்டும். மின் கட்டண ரசீது உரிமையாளர் பெயரில். ஆதாரும் வங்கிப் பாஸ்புக்கும் ஊர் முகவரியில், அல்லது போன வீட்டு முகவரியில். வாடகை ஒப்பந்தம் கொடுக்கலாம், ஆனால் பதிவு செய்த ஒப்பந்தமாக இருக்க வேண்டும். நாம் போடுவதோ பதினொரு மாத ஒப்பந்தம், பதிவு செய்ய வேண்டாம் என்பதற்காகவே பதினொரு மாதம். எந்தக் காகிதமும் இல்லாவிட்டால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) நேரில் வந்து விசாரித்து எழுத வேண்டும். அவர் வந்து விசாரித்தால் யாரிடம் விசாரிப்பார்? கேட் வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் யாரைக் கேட்பார்? உங்களை.

2025 நவம்பரில், அந்தத் திருத்தத்தின்போது என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பாகத்துக்கு வந்த பி.எல்.ஓ. ஒரு அங்கன்வாடி ஊழியர். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் படிவங்களைச் சுற்றிக்கொண்டு வந்தார். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளியாட்களை மேலே விடக்கூடாது என்பது சங்கத் தீர்மானமாம். கீழேயே உட்கார்ந்து வாட்ச்மேன் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். 'எஃப்-2 அமெரிக்கா. எஸ்-1 வாடகை. எஸ்-3 வாடகை, யாருன்னு தெரியாது.' எஸ்-3 நான். மூன்று வருடமாக அந்த வாட்ச்மேனுடன் தினமும் டீ குடிக்கிறேன். அவர் மேல் தப்பில்லை, பெயர் சொல்லி அழைத்தால்தானே பெயர் தெரியும், எல்லாருக்கும் நான் எஸ்-3 சார். படிகளில் ஓடி இறங்கி அந்த அம்மாவை அடுத்த தெருவில் பிடித்தேன். படிவத்தில் எழுதுவதற்காக 2002 வாக்காளர் பட்டியலில் என் பெயர் தேடவேண்டி வந்தது, ஊர்ப் பட்டியலில் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு நான் இருந்தேன். இருபத்தோரு வயசு என்று போட்டிருந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சரி, அது வேறு கதை.

ஓடிப் பிடிக்க நேரமில்லாதவர்கள் எத்தனையோ பேர். உஸ்மான் சாலை, ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைகளில் நிற்கிற பெண்களைப் பாருங்கள். நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள். நிற்கிற என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். 2021இல் சட்டம் திருத்தி அவர்கள் உட்காருவதற்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஐந்து வருடம், பத்து வருடம் இங்கேதான் இருக்கிறார்கள். நம் தெருத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், நம் தெருச் சாக்கடை நிரம்பினால் அவர்கள் செருப்பும்தான் நனைகிறது. ஓட்டு ஊரில். தேர்தலன்று சம்பளத்தோடு விடுமுறை உண்டு, ஆனால் போக ஒரு ராத்திரி வர ஒரு ராத்திரி என்று கணக்குப் போட்டால் அந்த ஒரு நாள் போதாது. அதேபோல் நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிறவர்களில் சிலர் இப்போது பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார்கள். நகரத்துக்குள் இருந்த குடிசையை எடுத்து அங்கே அனுப்பிவிட்டார்கள், ஆள் சோழிங்கநல்லூர் தொகுதியில், பெயர் பழைய இடத்தில். உள்நாட்டிலேயே இடம் பெயர்ந்தவர்கள் இருக்கிற ஊரிலிருந்தே ஓட்டுப் போட ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முயன்றது. கட்சிகள் எதிர்த்தன, அது அப்படியே கிடக்கிறது.

இனி நீங்கள் வாய் விட்டுப் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். 'நமது சங்கம் அரசியல் சார்பற்றது' என்று ஒவ்வொரு சுற்றறிக்கையின் தலையிலும் போடுகிறீர்கள். சங்கத்துக்கு இல்லாமல் இருக்கலாம். காலையில் நடேசன் பூங்காவில் உங்களோடு மூன்று சுற்று நடந்தால் யார் எந்தப் பக்கம் என்று இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிடும். அதில் தப்பென்ன இருக்கிறது? நம் பகுதியே அப்படிப்பட்ட கலவை. தி.நகர் என்ற பெயரே நீதிக்கட்சியின் தியாகராயருடையது. நடக்கிற பூங்கா அதே கட்சியின் டாக்டர் நடேசனுடையது, அந்தப் பக்கம் இருப்பது பனகல் அரசருடையது. 1967இல் அண்ணா மக்களவைக்கு வென்றது தென்சென்னையில். 2011இல் இதே மாநகராட்சிக்கு அ.தி.மு.க.வின் சைதை துரைசாமி மேயர். 2019இல் மக்கள் நீதி மய்யத்துக்குத் தென்சென்னையில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் ஓட்டு. 2022இல் சென்னையின் 200 வார்டுகளில் தி.மு.க. 153ஐ அள்ளியபோதும், பா.ஜ.க. வென்ற ஒரே வார்டு 134, அதுவும் நம் மேற்கு மாம்பலத்தில். 2024இல் தென்சென்னையில் தமிழச்சி தங்கபாண்டியன் வென்றார், இரண்டாம் இடத்தில் தமிழிசை சௌந்தரராஜன், மூன்றாவதாகத்தான் அ.தி.மு.க. ஒரே தெருவில் கோலம் மாறுவதுபோல ஓட்டும் மாறுகிற பகுதி இது.

இப்படி இருக்கிற இடத்தில், வராத ஓட்டு யாருடையது என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. பூங்காவில் ஒரு பெஞ்சு 'நம்மாளுங்க வெளியே வர்றதில்லை, வந்திருந்தா முடிவே வேற' என்கிறது. எதிர் பெஞ்சும் அதையே சொல்கிறது, 'நம்மாளுங்க' மட்டும் வேறு. இப்போது 14 லட்சம் பெயர் போனதும் அதே ஆட்டம். எங்கள் ஓட்டைத் தூக்கிவிட்டார்கள் என்று ஒரு பக்கம், கள்ள ஓட்டு ஒழிந்தது என்று மறுபக்கம். ஓட்டுப் போடாத ஒருவரின் கட்சியை எந்த இயந்திரமும் எண்ணிச் சொல்லாது. நியூ ஜெர்சிப் பையன்களும் எஸ்-3 சாரும் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று எந்தப் பெஞ்சுக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.நகரில் தி.மு.க.வின் ஜெ. கருணாநிதி, அ.தி.மு.க.வின் பி. சத்தியநாராயணனை 137 ஓட்டில் வென்றார். அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே குறைந்த வித்தியாசம் அது. அன்று பட்டியலில் இருந்தும் வராதவர்கள் நம் தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேல். 137 என்பது எங்கள் தெருவில் நான்கு அடுக்ககம்.

ஓட்டுச் சாவடிக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்காரும் முகவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அவர்களும் வாடகை வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. 'இவங்க அடுத்த எலெக்‌ஷனுக்கு இங்க இருப்பாங்களான்னே தெரியாது சார்' என்றார் ஒருவர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சி மேசையும் அதைத்தான் சொல்லும். வேட்பாளர் வந்தால் கைகூப்புவது உரிமையாளரிடம், அதாவது உங்களிடம். மழைநீர் வடிகாலா, குப்பை வண்டியா, மனு உங்கள் கையெழுத்தில்தான் போகிறது.

உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 2022 பிப்ரவரியில் சென்னை முழுக்க 44 சதவீதம்கூட வரவில்லை என்பதற்கு மட்டும் மக்களைத் திட்டாதீர்கள். 2016 அக்டோபரில் பழைய மன்றம் முடிந்து ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் ஓட்டினார்கள். கவுன்சிலர் என்று ஒருவர் உண்டு என்பதையே தெரு மறந்துவிட்டது. பல்ப் எரியவில்லை என்றால் மாநகராட்சிச் செயலியில் படம் போட்டுப் பழகிவிட்டோம்.

சோம்பேறிகளே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. 2021இல் வேளச்சேரியில் வாக்கு இயந்திரத்தை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டார்களே, அதற்காக 92ஆம் எண் சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்த சாவடி, அப்போதும் பாதிப் பேர்கூட வரவில்லை. என் அலுவலகத்திலேயே 'யார் வந்தா என்ன' என்று மத்தியானம் வரை தூங்குகிற ஆள் உண்டு. அவரை நீங்கள் தாராளமாகத் திட்டலாம். நானும் கூட வருகிறேன். ஆனால் அவரைத் திட்டுகிற சத்தத்தில், ஓட்டுப் போடத் தயாராக நின்றும் பெயர் இல்லாதவரின் குரல் கேட்காமல் போகிறது.

சங்கத்தின் உள்ளேயும் இதே கதைதான். மாதாமாதம் மெயின்டெனன்ஸ் நான் கட்டுகிறேன், ஆனால் உறுப்பினர் என்றால் உரிமையாளர் மட்டும் என்று விதி. சங்கத் தேர்தலில் எனக்கு ஓட்டில்லை. சரி, உரிமையாளர்களாவது வருகிறார்களா? போன வருடாந்தரக் கூட்டத்துக்குக் கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் அரை மணி நேரம் ஒத்திவைத்து, மறுபடி கூடி, வந்த பதினொரு பேரை வைத்துத் தீர்மானம் போட்டீர்கள். முப்பத்தாறு வீட்டுக்குப் பதினொன்று. சதவீதம் நான் போடவில்லை.

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரைவுப் பட்டியல் மீதான உரிமைகோரல், ஆட்சேபணைக்கு முதலில் 2026 ஜனவரி 18 வரைதான் நேரம் கொடுத்தார்கள். புதிதாகச் சேரப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8. ஏற்கெனவே வேறு ஊர்ப் பட்டியலில் பெயர் இருப்பவர் இங்கே வர 8 போட வேண்டும். 6 போட்டு இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வது குற்றம், இதையும் அந்தப் பெண்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். யோகா வகுப்புக்குக் கொடுக்கிற உங்கள் ஹாலை இரண்டு ஞாயிற்றுக்கிழமை பி.எல்.ஓ.வுக்குக் கொடுங்கள், ஒரு மேசை, மின்விசிறி, குடிக்கத் தண்ணீர் போதும். வெளியாட்களை மேலே விடுவதில்லை என்ற தீர்மானத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு விலக்குப் போடுங்கள். வரைவுப் பட்டியலில் விடுபட்டவர்களின் பெயர்கள் பாகவாரியாக இருக்கின்றன, அதை உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அப்புறம், உங்கள் உறுப்பினர்களான உரிமையாளர்களிடம், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தால் வீடு பறிபோகாது என்பதை நீங்களே சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். முடிந்தால் பதினொரு மாத ஒப்பந்தத்தோடு 'இவர் இந்த முகவரியில் குடியிருக்கிறார்' என்று ஒரு வரிக் கடிதமும் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். சட்டப்படி அது போதுமான சான்று ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் விசாரிக்க வருகிற பி.எல்.ஓ. கையில் அந்தக் கடிதம் இருந்தால், வாட்ச்மேன் 'யாருன்னு தெரியாது' என்று சொல்ல வேண்டி வராது.

மாமியின் பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரைவுப் பட்டியலில் அந்த வீட்டில் இப்போது ஒரே ஒரு பெயர், மாமியுடையது. நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியில் வெளிநாடுவாழ் வாக்காளராகச் சேர முடியும், அதற்குப் படிவம் 6ஏ. மாமியிடம் போன வாரம் போய்ச் சொன்னேன். 'அவா ரெண்டு பேரும் அந்த ஊர்ப் பிரஜை ஆயாச்சுடா' என்றார். பழைய சிலிப்புகள் காலண்டருக்குப் பின்னால் அப்படியேதான் இருக்கின்றன.

இப்போது நான் இருக்கும் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஜவுளிக்கடையில் வேலை செய்கிற ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் எங்கேயும் பதியாதவர்கள், வயது பத்தொன்பது, இருபது. மற்ற மூவரும் ஊர் ஓட்டை இங்கே மாற்றச் சம்மதம் என்கிறார்கள். ஐந்து படிவத்தையும் பூர்த்தி செய்து என் மேசையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளியில் சிறப்பு முகாம், அவர்களுக்குக் கடை பதினொரு மணிக்கு. முகவரிக்கு வீட்டு உரிமையாளரின் அந்த ஒரு வரிக் கடிதம் மட்டும் பாக்கி. அவரை இரண்டு முறை போய்ப் பார்த்தேன், 'யோசிச்சுச் சொல்றேன்' என்றார். அவர் உங்களில் ஒரு சங்கத்தின் பொருளாளர். இதைப் படித்துக்கொண்டிருந்தால், சார், வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
எஸ்-3